கிட்னி திடீர்னு பழுதாச்சு, லிப்பிட் ப்ரொஃபைல் நார்மல்: அப்போ டாக்டர் சொன்னது எந்தக் கொழுப்பு?

#1 வடவாற்றங்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

அப்பாவுக்கு 63 வயசு. பத்து வருஷமா பிபி இருக்கு, சுகர் கிடையாது. போன மாசம் காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வலி, ரெண்டு நாள் வாந்தி. தெருமுனைக் கடையில வலி மாத்திரை வாங்கி காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு அஞ்சு நாள் போட்டுட்டார். ஆறாம் நாள் ஒண்ணுக்குப் போறது குறைஞ்சு கால் வீங்கிடுச்சு. கூட்டிட்டுப் போய்ப் பார்த்தா கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) 4.6. ஆறு மாசம் முன்னாடி 1.0 இருந்தது. ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணாங்க. அப்புறம் யூரின் தானாவே வர ஆரம்பிச்சது. வீட்டுக்கு வரும்போது 1.9, போன வாரம் 1.4.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு சின்ன டாக்டர் போற போக்குல, "ஏகேஐ-ல, அதாவது இப்படி கிட்னி திடீர்னு பழுதாகிறதுல, கிட்னி செல்லைக் கெடுக்கிறதுல கொழுப்புக்கும் பங்கு இருக்கு சார், செராமைடுன்னு ஒண்ணு, இப்போ நிறைய ஆராய்ச்சி நடக்குது"ன்னார். அம்மா காதுல விழுந்தது "கொழுப்பு" மட்டும்தான். அன்னைலேருந்து நல்லெண்ணெய் பாட்டில் பரண் மேல. இட்லிப் பொடியைத் தண்ணில குழைச்சுத் தர்றாங்க. அப்பா சாப்பிடும்போது மூஞ்சியைப் பார்க்க முடியலை.

ஆனா அவர் ரிப்போர்ட்ல மொத்தக் கொலஸ்ட்ரால் 168, ட்ரைகிளிசரைடு 122. அப்போ எந்தக் கொழுப்பு அது?

#2 செக்கடி

பொடியைத் தண்ணிலயா! பெரியவர் பாவம்யா.

எல்லாம் ரீஃபைண்ட் ஆயில் பண்ற வேலை தம்பி. மரச்செக்கு எண்ணெய்க்கு மாறினாலே கிட்னி பளிச்சுன்னு ஆயிடும். வேணும்னா தனிமடல்ல

[நெறியாளர்: மீதி வரிகள் நீக்கப்பட்டன. செக்கடி அண்ணே, போன வாரமே சொன்னேன், வியாபாரம் இங்க வேண்டாம்.]

#3 நெஃப்ரான்பித்தன்

சிறுநீரக மருத்துவம் படிச்சிட்டிருக்கேன், ரெண்டாம் வருஷம். நைட் டியூட்டி. டயாலிசிஸ் யூனிட் வாசல்ல உக்காந்து தட்டுறேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

முதல்ல அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. ரிப்போர்ட்ல அளக்கிறது ரத்தத்துல லாரி ஏறிப் போயிட்டிருக்கிற சரக்கு. அந்த டாக்டர் சொன்னது கிட்னி செல்லுக்கு உள்ளயே இருக்கிறது. ஒண்ணு செல்லோட சவ்வு, இன்னொண்ணு அதோட அடுப்புக்கு விறகு.

ஏன் விறகுங்கிறேன்? ரெண்டு கிட்னியும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான். ஆனா இதயம் தள்ளுற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே போகுது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் மாதிரி வெளியே விட்டுட்டு மிச்சத்தைத் திரும்ப இழுத்துக்குது. இந்த இழுக்கிற வேலையில பெரும்பங்கு ப்ராக்ஸிமல் ட்யூப்யூல்ங்கிற நுண்குழாய்க்கு. மூளை மாதிரி சர்க்கரையை நம்பி ஓடுற ஆள் இல்ல இவர், கொழுப்பு அமிலத்தை எரிச்சுத்தான் வண்டி ஓட்டுறார். கணக்கும் அவருக்கு லாபம்: ஒரு குளுக்கோஸ் எரிஞ்சா 30, 32 ஏடிபி (செல் செலவழிக்கிற சக்தி நாணயம்). பால்மிட்டிக்ங்கிற கொழுப்பு அமிலம் ஒண்ணு எரிஞ்சா 106.

சிக்கல் என்னன்னா, கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் இல்லாம முடியாது. இந்தக் குழாயோட கடைசிப் பகுதி போய் இறங்குற இடத்துல ஆக்சிஜன் சாதாரண நாள்லயே இழுபறிதான். பிபி இறங்கினா, உடம்புல தண்ணி வத்தினா, முதல்ல அடி வாங்குறது அங்கதான். அடுப்பு அணைஞ்சு போகுது, ஆனா விறகு வந்துக்கிட்டேதான் இருக்கு. எரியாத கொழுப்பு கொஞ்சம் துளித்துளியா செல்லுக்குள்ள தேங்குது. கொஞ்சம் வேற உருவம் எடுக்குது. அப்படி வர்றதுல ஒண்ணுதான் செராமைடு. அது மைட்டோகாண்ட்ரியாவையே, அதாவது அந்த அடுப்பையே, கெடுக்குது. அடுப்பு கெட்டா விறகு இன்னும் தேங்கும். புரியுதா சுழற்சி?

ஆனா உங்க அப்பா விஷயத்துல நான் முதல்ல தேடுற கொழுப்பு செராமைடு இல்ல, ப்ராஸ்டாகிளாண்டின். அதுவும் கொழுப்புலேருந்து வர்றதுதான். செல் சவ்வுல இருக்கிற அராகிடோனிக் அமிலத்தை வெட்டி எடுத்துச் செய்யறது. இது வில்லன் இல்ல, காவல்காரன். உடம்பு வறண்டு கிடக்கும்போது கிட்னிக்குள்ள ரத்தம் நுழையற குழாயைத் திறந்து பிடிச்சிட்டிருக்கிறது இதுதான். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் வலியைக் குறைக்கிறதே ப்ராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்தித்தான்னு ஜான் வேன் 1971-ல காட்டினார், 1982-ல நோபல் வாங்கினார். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதே வேலைதான். வாந்தி எடுத்து வறண்டுபோன உடம்புல அஞ்சு நாள் அதைப் போட்டா, கதவைப் பிடிச்சிட்டிருந்தவனை வீட்டுக்கு அனுப்பின மாதிரி.

ஒரு காரியம் பண்ணுங்க. அப்பாவோட பிபி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. பேருக்குப் பின்னாடி ஒத்தை எழுத்துல "எச்"னு போட்டிருக்கா?

#4 வடவாற்றங்கரை

டாக்டர், ரொம்ப நன்றி. நான் சென்னைல இருக்கேன், அட்டை ஊர்ல. சனிக்கிழமை போறேன், பார்த்துச் சொல்றேன். அம்மாவை போன்ல கேட்டா "வெள்ளை மாத்திரை, சின்னது"ங்கிறாங்க.

#5 யாழ் பனங்காய்

வணக்கம் எல்லாருக்கும். உந்தச் செராமைட் எண்டா என்ன? என்ர மனிசி முகத்துக்குப் பூசுற க்ரீம் போத்தலிலயும் அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு. வாசிச்சதில இருந்து மனிசி அந்தப் போத்தலைத் தொடேல்ல. விலையும் கொஞ்ச நஞ்சமில்லை. ஆராவது விளக்கம் சொல்லுங்கோ.

#6 கண்ணாடிக்குடுவை

அண்ணா, க்ரீமைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லுங்க. வீணாக்க வேண்டாம்.

நான் கல்லூரியில உயிர்வேதியியல் நடத்துறேன். தோலோட மேல் அடுக்கில இருக்கிற கொழுப்புல ஏறக்குறைய பாதி செராமைடுதான். செல்லும் செல்லும் செங்கல்னா, நடுவுல பூசின சாந்து அது. தண்ணி வெளியே கசியாம இருக்கிறதே அதனாலதான். பூசுற க்ரீம் அங்கயே நிக்கும், கிட்னிக்குப் போகாது. ஒரே பொருள் தோல்ல காவல், ட்யூப்யூல் செல்லுக்குள்ள மிஞ்சினா கேடு. சாந்தை அடுப்புக்குள்ள கொட்டினா என்ன ஆகும்?

பேர்லயே கதை இருக்கு. செரா-ன்னா லத்தீன்ல மெழுகு. இந்தக் குடும்பத்துக்கு ஸ்பிங்கோலிப்பிட்னு பேர். 1884-ல துடிக்கும்ங்கிற விஞ்ஞானி மூளையிலேருந்து பிரிச்சு எடுத்தவர், புதிர் போட்டு ஆளை வதைக்கிற ஸ்பிங்ஸ் நினைவா வச்சது அதுல வர்ற "ஸ்பிங்கோ". நூற்று நாற்பது வருஷம் ஆச்சு, புதிர் இன்னும் முழுசா அவிழலை.

செய்முறை: பால்மிட்டிக் அமிலமும் செரின்ங்கிற அமினோ அமிலமும் சேர்ந்து தொடங்கும். சில படி தாண்டினதும் டைஹைட்ரோசெராமைடு வரும். அது சாது. டிஇஎஸ்-1ங்கிற நொதி அதுலேருந்து ரெண்டே ரெண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஒரு இரட்டைப் பிணைப்பு போட்டா செராமைடு. ரெண்டு ஹைட்ரஜன்தான் வித்தியாசம், குணம் தலைகீழா மாறிடுது. வகுப்புல இதைக் கரும்பலகையில வரையும்போதெல்லாம் எனக்கே ஒரு நிமிஷம் கை நிக்கும்.

யூட்டா பல்கலைக்கழகத்துல ஸ்காட் சம்மர்ஸ் குழு அந்த நொதியைத்தான் குறிவச்சாங்க. 2025-ல செல் மெட்டபாலிசம் இதழ்ல வந்தது. எலிக்கு கிட்னி ரத்த ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப விட்டா செராமைடு சட்டுனு ஏறுது. மனுஷங்க சிறுநீர் மாதிரிகள்லயும் ஏற்றம் பார்த்திருக்காங்க. அந்தக் கடைசிப் படியை மரபணு மாற்றியோ மருந்து கொடுத்தோ தடுத்த எலிகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவும் தப்பிச்சது, கிட்னியும் தப்பிச்சது. அந்தச் சின்ன டாக்டர் படிச்சது இதுவாத்தான் இருக்கும்.

#7 சந்தேகப்பிராணி

எலி. எலி. எலி.

மேடம், அந்த எலிகளுக்கு மருந்து எப்போ கொடுத்தாங்க? கிட்னியைக் கெடுக்கிறதுக்கு முன்னாடி. இவர் அப்பா வந்தது எப்போ? கிரியேட்டினின் 4.6 ஆன பிறகு. எலிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டு அடிக்கிறாங்க, மனுஷனுக்கு எவன் சொல்லிட்டு வர்றான்?

கொழுப்புல கை வச்சா கிட்னி பிழைக்கும்னு இதுக்கு முன்னாடியும் நம்பினாங்க. ஸ்டாட்டின், அதான் கொலஸ்ட்ரால் குறைக்கிற மாத்திரை, ஞாபகம் இருக்கா? இதய ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்டாட்டின் கொடுத்தா ஏகேஐ குறையும்னு பேச்சு ஓடிச்சு. சீனாவுல 1,922 பேருக்கு ரோசுவாஸ்டாட்டின், போலி மாத்திரைன்னு பிரிச்சுக் கொடுத்துப் பார்த்தாங்க. 2016-ல முடிவு வந்தது. மருந்து எடுத்தவங்கள்ல 24.7 சதவீதம் பேருக்கு ஏகேஐ, போலி மாத்திரைக்காரங்கள்ல 19.3. குறையலை, கூடிடுச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல அடோர்வாஸ்டாட்டினை வச்சு நடந்த சோதனையும் பலன் இல்லைன்னு பாதியில நின்னுச்சு.

#8 நெஃப்ரான்பித்தன்

சந்தேகம் நியாயமானது. ஆனா அந்த உதாரணத்துல ஒரு சின்ன நழுவல் இருக்கு சார். ஸ்டாட்டின் தொடறது கொலஸ்ட்ரால் உற்பத்தியை. நாம பேசறது செராமைடு. ரெண்டையும் "கொழுப்பு"ன்னு ஒரே பையில போட்டா, இவங்க அம்மா பண்ணினதைத்தான் நாமளும் பண்றோம்.

முன்கூட்டியே கொடுக்கணும்ங்கிறதும் அவ்வளவு பெரிய குறை இல்ல. எல்லா ஏகேஐ-யும் சொல்லாம வர்றதில்ல. இதய ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுத்தான் போறோம், அதுல எத்தனை பேருக்கு வருதுன்னு நீங்களே எண்ணோட போட்டிருக்கீங்க. அப்பா மாதிரி ஆளுக்கு அது உதவாது, ஒத்துக்கிறேன். 48 மணி நேரத்துல கிரியேட்டினின் 0.3 ஏறினாலே ஏகேஐ-ன்னு இப்போ எண்ணுறோம். நம்ம ஊர்ல 0.3-க்கு யாரும் வர்றதில்ல. கால் வீங்கினாத்தான் வர்றாங்க.

இன்னொரு தகவல். செராமைடு நேத்து வந்த ஃபேஷன் இல்ல. 90-கள்லயே சியாட்டில்ல ரிச்சர்ட் ஸேகர் அடிபட்ட கிட்னியில செராமைடு சேர்றதை அளந்து எழுதியிருக்கார். முப்பது வருஷம் கழிச்சுத்தான் தடுக்கிற மருந்து கைக்கு வருது.

#9 செக்கடி

ரத்தக் கொழுப்புக்கும் கிட்னிக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா டாக்டர்? வியாபாரம் இல்ல நெறியாளரே, நிஜமாவே கேக்குறேன்.

#10 நெஃப்ரான்பித்தன்

போடமாட்டேன் அண்ணே. ஒரு இடத்துல மாட்டிக்குவேன்.

ஆஞ்சியோ பண்ணும்போது மகாதமனிச் சுவர்ல படிஞ்சிருக்கிற கட்டியை வயர் உரசிடும். கொலஸ்ட்ரால் படிகங்கள் உதிர்ந்து கீழ்நோக்கிப் போய் கிட்னியோட சின்னக் குழாய்களை அடைக்கும். கால் விரல் நீலமாகும், ஆனா பாதத்துல நாடித் துடிப்பு இருக்கும். கிரியேட்டினின் ஒரே நாள்ல ஏறாது, வாரக்கணக்குல படிப்படியா ஏறும். பயாப்சியில பார்த்தா கொலஸ்ட்ராலே இருக்காது! ஸ்லைடு தயாரிக்கும்போது ஊத்துற திரவத்துல அது கரைஞ்சு போயிடும். அது இருந்த இடம் மட்டும் ஊசி ஊசியா வெள்ளைக் கீறலாத் தெரியும். முதல் தடவை எங்க பேராசிரியர் காட்டினப்போ, "எங்க சார் கொலஸ்ட்ரால்?"னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இவர் அப்பாவுக்கு அது இல்ல. ஆஞ்சியோவும் பண்ணலை.

#11 கண்ணாடிக்குடுவை

செக்கடி அண்ணனுக்குன்னே ஒண்ணு சொல்றேன். அவருக்குத்தான் இது சட்டுனு புரியும்.

முறுக்கு டப்பாவை ஒரு மாசம் கழிச்சுத் திறந்தா வருமே காறல் வாடை, கிட்னி செல்லுல கிட்டத்தட்ட அதுதான் நடக்குது. சவ்வுல இருக்கிற நிறைவுறாக் கொழுப்புகளை ஆக்சிஜன் தாக்கும். ஒண்ணு கெட்டா பக்கத்துல இருக்கிறதும் கெடும். அதுக்கு இரும்பு துணை. இப்படிச் சவ்வு காறிப்போய் செல் சாகிறதுக்கு 2012-ல ஃபெரோப்டோசிஸ்னு பேர் வச்சாங்க. ஃபெரம்னா இரும்பு.

காறலைத் தடுக்க செல்லுல ஜிபிஎக்ஸ்-4ன்னு ஒரு நொதி இருக்கு, செலீனியம் வச்சது. எலியில அந்த ஒரே நொதியை எடுத்துட்டுப் பார்த்தாங்க, 2014-ல. உடம்புல எத்தனையோ உறுப்பு இருக்க, எலிகள் செத்தது திடீர்க் கிட்னி செயலிழப்புல. கொழுப்பையே எரிச்சுப் பிழைக்கிற இடத்துக்குத்தான் காறலும் முதல் எதிரி போல.

#12 செக்கடி

மேடம், இது எனக்குத் தெரிஞ்ச சங்கதியாச்சே! இரும்பு டின்னுல உள்பூச்சு போயிட்டா எண்ணெய் சீக்கிரம் சிக்கு அடிச்சுடும். துருப்பட்ட டின்னுன்னா கேக்கவே வேணாம். எங்கப்பா காலத்துலயே சொல்வாரு, கடலெண்ணெயை வாங்கினா எவர்சில்வர் தூக்குல மாத்து, வெயில்ல வைக்காதன்னு. செல்லுக்கும் அதே கதைதானா. அட.

#13 கண்ணாடிக்குடுவை

அதே கதைதான் அண்ணே. இடிபாட்டுல சிக்கி தசை நசுங்கினவங்களுக்கு கிட்னி போறதுலயும் இதுக்குப் பங்கு உண்டு. 1941-ல, லண்டன் குண்டுவீச்சுல மாட்டின நாலு பேரைப் பத்தி பைவாட்டர்ஸும் பீலும் எழுதினாங்க. நசுங்கின தசையிலேருந்து வர்ற மையோகுளோபின்ல இரும்பு இருக்கு. அது குழாய்க்குள்ள போய் அடைக்கிறதோட நிக்காம, சவ்வுக் கொழுப்பையும் காற வைக்குது. காறின அராகிடோனிக் அமிலத்துலேருந்து வர்ற ஐசோப்ராஸ்டேன் ரத்தக் குழாயை இறுக்கிடும். டாக்டர் சொன்ன காவல்காரனோட பங்காளிதான், வேலை நேர் எதிர்.

#14 மூன்றாம் ஷிஃப்ட்

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு எழுதணும்னு தோணுது. டெல்டா பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், பதினொரு வருஷம்.

எங்களுக்கு ஏகேஐ-ன்னா அறுப்பு சீசன்ல பாம்பு. கண்ணாடி விரியன். இருட்டுல வரப்புல மிதிச்சிருப்பாங்க. வந்ததும் முதல் வேலை, சுத்தமான காய்ஞ்ச கண்ணாடி ட்யூப்ல 2 மில்லி ரத்தம் எடுத்து ஆட்டாம அசைக்காம ஸ்டாண்டுல வச்சுடுவோம். இருபது நிமிஷம். கூட வந்த சனமெல்லாம் ட்யூப்பையே பார்த்துட்டு நிக்கும். இருபதாவது நிமிஷம் ஒரே ஒரு தடவை சாய்ப்பேன். ரத்தம் உறைஞ்சிருந்தா அப்படியே நிக்கும். தண்ணியா ஓடிச்சுன்னா டாக்டர் என் மூஞ்சியைப் பார்த்தே விஷமுறிவு மருந்தை எடுக்கச் சொல்லிடுவார். அதுக்கப்புறம் ரெண்டு நாள் என் கண்ணு யூரின் பைமேலதான். மணிக்கு எத்தனை மில்லின்னு எழுதி எழுதிப் பேனா தீர்ந்திருக்கு.

இங்க கொழுப்புன்னு பேசறதால ஒரு சந்தேகம். விரியன் விஷத்துல பாஸ்போலிபேஸ்னு ஒண்ணு இருக்கிறதா ட்ரெயினிங்ல சொன்னாங்க. பேர்லயே லிப்பிட் இருக்கே, அதுவும் இதே கதையா?

#15 நெஃப்ரான்பித்தன்

அக்கா, நீங்க இவ்வளவு நாள் எழுதாம இருந்ததுதான் தப்பு.

ஆமா, அதே கதை. பாஸ்போலிபேஸ் ஏ2 ஒரு கத்தரிக்கோல். செல் சவ்வுல ஒவ்வொரு பாஸ்போலிப்பிட்டுக்கும் ரெண்டு வால் உண்டு. இது ரெண்டாவது வாலை மட்டும் வெட்டும். அங்கதான் பெரும்பாலும் அராகிடோனிக் அமிலம் உக்காந்திருக்கும். வெட்டினதும் அது ஒரு பக்கம் அழற்சியைக் கிளப்பும். மிச்சம் நிக்கிற ஒத்தை வால் துண்டு சோப்பு மாதிரி, சவ்வையே கரைக்கப் பார்க்கும். நம்ம செல்லுலயும் இதே வகைக் கத்தரி உண்டு, அளவா வெட்டும். பாம்பு வச்சிருக்கிறது அளவு தெரியாத கத்தரி.

ஆனா விரியன் கடியில கிட்னி போறதுக்கு இது மட்டும் காரணம் இல்ல. பிபி இறங்குது, சின்னக் குழாய்ல ரத்தக்கட்டி அடைக்குது, விஷம் நேரடியாவும் தாக்குது. இந்தக் கத்தரியைத் தடுக்கிற வரெஸ்ப்லாடிப்னு ஒரு மருந்து இருக்கு. முன்னாடி இதய நோய்க்குன்னு சோதிச்சுத் தோத்துப்போனது. அப்புறம் பாம்புக்கடிக்கு மாத்திரையா இந்தியாவுலயும் அமெரிக்காவுலயும் சோதிச்சாங்க. முதன்மை இலக்குல ஜெயிக்கலை. அதனால வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்க பாம்பைப் பிடிச்சு எடுத்துக் கொடுக்கிற விஷத்துலேருந்து தயாராகுற முறிவு மருந்துதான் இன்னைக்கும் நமக்குக் கதி.

#16 சந்தேகப்பிராணி

நர்ஸ் அக்கா எழுதினதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பதிவு. எலி இல்லாத ஒரே பதிவும்கூட.

#17 யாழ் பனங்காய்

மனிசி க்ரீமைத் திரும்ப எடுத்திட்டா. இப்ப என்னட்டக் கேக்கிறா, முழங்கால் நோவுக்கு நீங்கள் போடுற குளிசை என்ன குளிசை எண்டு. நான் போத்தலை ஒளிச்சு வச்சிட்டன்.

#18 நெஃப்ரான்பித்தன்

ஒளிக்காதீங்கோ அண்ணை. அக்காட்டயும் காட்டுங்கோ, அடுத்த முறை உங்கட டொக்டரிட்டயும் காட்டுங்கோ. (உங்க தமிழ்ல எழுதிப் பார்த்தேன், பிழை இருந்தா மன்னிக்கணும்.)

#19 வடவாற்றங்கரை

ஊருக்கு வந்துட்டேன். அட்டை கைல இருக்கு. டெல்மிசார்டன் 40, பக்கத்துல சின்னதா எச். திருப்பிப் பார்த்தா பொடி எழுத்துல ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. இதோட வலி மாத்திரை அட்டையும் மேஜை டிராயர்ல கிடைச்சது: அசிக்ளோபினாக், பத்துல பத்தும் காலி. வாந்தி எடுத்த அந்த ரெண்டு நாளும் பிபி மாத்திரையை விடாம போட்டிருக்கார். "வேளா வேளைக்குப் போடணும்னு நீதானேடா சொன்னே"ங்கிறார் என்னைப் பார்த்து.

#20 நெஃப்ரான்பித்தன்

நினைச்சேன். எச்-ங்கிறது நீர் பிரிக்கிற மருந்து. அது உடம்புத் தண்ணியைக் குறைக்குது. டெல்மிசார்டன் கிட்னி வடிகட்டியோட வெளிவாசலைத் தளர்த்துது. வலி மாத்திரை உள்வாசலைத் திறந்து வச்சிருந்த ப்ராஸ்டாகிளாண்டினை நிறுத்திடுச்சு. உள்ள வர்றது குறைஞ்சு, வெளியே போற வழி அகலமானா வடிகட்ட அழுத்தம் எங்கேருந்து வரும்? தனித்தனியா மூணும் நல்ல மருந்துதான். மூணும் ஒண்ணா, வாந்தியோட சேர்ந்தா இப்படி ஆகும்.

பிபி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. ரெண்டு அட்டையையும் அப்படியே எடுத்துட்டுப் போய் அப்பாவைப் பார்க்கிற டாக்டர்கிட்ட காட்டுங்க. இனிமே வாந்தி, பேதி வந்தா எந்த மாத்திரையை எத்தனை நாள் தள்ளி வைக்கணும்னு அவர்கிட்டயே எழுதி வாங்கிக்குங்க. மூணு மாசம் கழிச்சு கிரியேட்டினினோட சிறுநீர்ல ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்க. 1.4-ல நின்னுடுதா, இன்னும் இறங்குதான்னு அப்போதான் தெரியும்.

#21 மூன்றாம் ஷிஃப்ட்

தம்பி, அப்பா பேருக்கு ஒரு சீட்டு எழுதி பர்ஸ்ல வச்சு விடுங்க, "வலி ஊசி போடக்கூடாது, டாக்டரைக் கேக்கவும்"னு. இடுப்பு வலின்னு எங்க போனாலும் முதல்ல குத்துறது டைக்ளோ ஊசிதான். கையில சீட்டு இருந்தா எங்களை மாதிரி ஆளுங்க கொஞ்சம் நிதானிப்போம்.

#22 செக்கடி

எல்லாஞ் சரி, நல்லெண்ணெய் பாட்டில் பரண்லேருந்து இறங்குச்சா இல்லையா?

#23 வடவாற்றங்கரை

இறங்குச்சு அண்ணே. மாசம் ஒண்ணாச்சே, காறியிருக்கும்னு அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாங்க. நல்லாத்தான் இருக்குன்னாங்க. கண்ணாடி பாட்டில், இரும்பு டின் இல்ல. காலைல அப்பா ஏழு இட்லி சாப்பிட்டார். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம், ரெண்டு அட்டையையும் அவர் சட்டைப் பையிலேயே போட்டு வச்சுட்டேன்.